குறைந்த வருமானத்தில் வாடகையும் கவுன்சில் டாக்ஸும்: இங்கிலாந்துத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

வாடகைக்கு உதவி ஓர் அலுவலகத்தில், கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூர் வீட்டுவரிக்கு உதவி வேறோர் அலுவலகத்தில். ஓரிடத்தில் சொன்னது மற்ற இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பியே பலர் மாதக்கணக்கில் பணத்தை இழக்கிறார்கள். கேட்காமல் எதுவும் கிடைக்காது; பெரும்பாலும் கேட்ட நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

கீழே இருப்பவை இங்கிலாந்தின் விதிகள். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் கவுன்சில் டாக்ஸ் குறைப்புக்கு நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் உண்டு. வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது. ‘ரேட்ஸ்’ என்ற வேறு வரி. தொகைகள் 2025–26 நிதியாண்டுக்குரியவை. ஒவ்வோர் ஏப்ரலிலும் அவற்றில் பல மாறும், ஆகவே கணக்குப் போடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். கவுன்சில் டாக்ஸும் தானாகக் குறைந்துவிடும் அல்லவா?

குறையாது. குறைந்த வருமானக்காரர்களுக்கான மாத உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டைக் கொடுப்பது மத்திய அரசின் டி.டபிள்யூ.பி. துறை. கவுன்சில் டாக்ஸ் உள்ளூர் கவுன்சிலுடையது. 2013 ஏப்ரல் வரை கவுன்சில் டாக்ஸ் பெனிபிட் என்று நாடு முழுவதற்கும் ஒன்று இருந்தது. அதை ஒழித்து, வேலை செய்யும் வயதினருக்கான குறைப்பை அந்தந்தக் கவுன்சிலே வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். டி.டபிள்யூ.பி.யிலிருந்து வரும் தகவலையே விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளும் கவுன்சில்களும் இருக்கின்றன. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, அதன் இணையதளத்தில் அன்றே ஒரு விண்ணப்பம் போட்டுவிடுவது மேல். கையில் எல்லாத் தாள்களும் இல்லையே என்று தயங்க வேண்டாம். முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள், தாள்களைப் பின்னால் அனுப்பலாம்.

ஹவுசிங் பெனிபிட் இப்போதும் இருக்கிறதா?

வாடகைக்கான அந்தப் பழைய உதவி இருக்கிறது, ஆனால் புதிதாகக் கேட்பவர்களில் இரண்டு வகையினருக்குத்தான். ஒன்று, ஓய்வூதிய வயதை எட்டியவர்கள். மற்றது, கவுன்சில் ஏற்பாடு செய்த தற்காலிகத் தங்குமிடத்திலோ பராமரிப்போடு கூடிய சிலவகை இல்லங்களிலோ இருப்பவர்கள். மற்ற எல்லோருக்கும் யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கென உள்ள பகுதிதான். தம்பதியரில் ஒருவர் ஓய்வூதிய வயதைத் தாண்டி, மற்றவர் தாண்டாமல் இருந்தால் இருவரும் யுனிவர்சல் கிரெடிட் பக்கம்தான் போக வேண்டும். 2019 மே 15 முதல் இதுவே விதி.

நான் வேலை செய்கிறேன். எனக்கும் கிடைக்குமா?

‘வேலை இருந்தால் பெனிபிட் இல்லை’ என்பது நம்மிடையே நன்றாக வேரூன்றிய தவறான எண்ணம். ஒரு குடும்பத்தை எடுத்துப் பார்ப்போம். கணவனும் மனைவியும் 25 வயதைத் தாண்டியவர்கள். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 5. லண்டனுக்கு வெளியே, தனியாரிடம் 1,250 பவுண்டு வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தப் பகுதியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கான வாடகை வரம்பு 1,100 என்று வைத்துக்கொள்வோம். கணவன் ஒரு கிடங்கில் வேலை செய்து, பிடித்தங்கள் போக மாதம் 1,500 கொண்டுவருகிறார்.

தம்பதியருக்கான அடிப்படைத் தொகை 628.10. பிள்ளைக்கு 292.81 வீதம் இரண்டு பேருக்கு 585.62. வாடகைக்கு 1,100. எல்லாம் சேர்த்து 2,313.72 பவுண்டு. இனிக் கழிக்க வேண்டியது சம்பளத்துக்காக. வாடகை உதவியும் பெறும், பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்குச் சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். மீதி 1,089இல் 55 சதவீதம், அதாவது 598.95, கழிக்கப்படும். கையில் வரும் யுனிவர்சல் கிரெடிட் 1,714.77.

கூடுதலாக நூறு பவுண்டு உழைத்தால் 45 உங்களுக்கு, 55 அரசுக்கு. நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் உழைத்தால் மொத்தத்தில் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை.

அதே குடும்பத்தில் யாருக்கும் வேலை இல்லை என்றால் ‘பெனிபிட் கேப்’ என்ற உச்சவரம்பு குறுக்கே வரும். லண்டனுக்கு வெளியே தம்பதியருக்கும் தனிப் பெற்றோருக்கும் ஆண்டுக்கு 22,020 பவுண்டு, மாதத்துக்கு 1,835. லண்டனில் ஆண்டுக்கு 25,323. பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட்டும் இந்த வரம்புக்குள் சேரும் என்பதால், இந்தக் குடும்பத்துக்கு மாதம் 660 பவுண்டுக்கு மேல் வெட்டு விழும். வீட்டில் உள்ளவர்களின் சம்பளம் மாதம் 846 பவுண்டைத் தொட்டுவிட்டால் இந்த வெட்டு கிடையாது. பி.ஐ.பி. (நீண்டகால நோயோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கான உதவித்தொகை) போன்ற சில கொடுப்பனவுகள் பெறும் வீடுகளுக்கும் கிடையாது. ஓராண்டாக வேலை பார்த்து அண்மையில் வேலை இழந்தவர்களுக்கு ஒன்பது மாத அவகாசம் உண்டு.

சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். இலாபமே இல்லாத மாதங்களும் உண்டு.

முதல் 12 மாதம் உண்மையான வருமானத்தையே பார்ப்பார்கள். அதற்குப் பிறகு பெரும்பாலானோருக்கு ஒரு கற்பனைச் சம்பளம் வைத்துக் கணக்குப் போடுவார்கள்: வாரம் 35 மணி நேரம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்ததாக. கடையில் இரவு பத்து மணி வரை நின்றும் அவ்வளவு வரவில்லையே என்றால் கேட்கமாட்டார்கள். சிறு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர், நோயாளி, பராமரிப்பாளர் ஆகியோருக்கு இந்த மணிக்கணக்கு குறையலாம் அல்லது இல்லாமலே போகலாம்.

வாடகை 1,250. கணக்கில் 1,100தானே வருகிறது?

தனியார் வீடுகளுக்கு எல்.எச்.ஏ. என்ற வரம்பு உண்டு. ஒரு வட்டாரத்தின் வாடகைகளை மலிவானதிலிருந்து வரிசையாக அடுக்கினால் நூற்றுக்கு முப்பதாவது இடத்தில் எந்தத் தொகை நிற்கிறதோ, அதுதான் அடிப்படை. கடைசியாக 2024 ஏப்ரலில் அதைச் சந்தை நிலவரத்துக்கு உயர்த்தினார்கள், 2025 ஏப்ரலில் அப்படியே உறையவைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் உறையவில்லை. அந்த இடைவெளியை உங்கள் சாப்பாட்டுச் செலவிலிருந்துதான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

வீட்டில் எத்தனை அறை இருக்கிறது என்பதைப் பார்க்கமாட்டார்கள், குடும்பத்துக்கு எத்தனை அறை வேண்டும் என்றே பார்ப்பார்கள். தம்பதிக்கு ஒன்று, 16 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒன்று. 16 வயதுக்குட்பட்ட ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று, 10 வயதுக்குட்பட்ட எந்த இரு பிள்ளைகளுக்கும் ஒன்று. நான்கு அறைக்கு மேல் இல்லை. மேலே சொன்ன குடும்பத்தில் மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள் வந்ததும் அவனும் தங்கையும் ஓர் அறையில் படுக்க வேண்டியதில்லை என்று விதி சொல்கிறது. அன்று வரம்பு மூன்று அறைக்கு உயரும். அப்போது, உண்மையான வாடகை மூன்று அறை வரம்புக்குள் இருந்தால், அந்த 1,250 முழுவதும் கணக்கில் ஏறும். உயர்ந்ததா என்று அந்த மாதக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

35 வயதுக்குட்பட்டுத் தனியாக இருப்பவருக்குப் பெரும்பாலும் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான தொகைதான். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருப்பவர்களுக்கு எல்.எச்.ஏ. கிடையாது. ஆனால் ஓர் அறை மிகுதியாக இருந்தால் வாடகையில் 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதமும் வெட்டுவார்கள். ஓய்வூதிய வயதினருக்கு இந்த வெட்டு இல்லை.

வாடகையைக் கையில்தான் கொடுக்கிறேன். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை.

வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தமே. சிக்கல் அதை நிரூபிப்பதில்தான். வீட்டுக்காரரிடம் முகவரி, வாடகைத் தொகை, குடியேறிய தேதி, யார் யார் குடியிருக்கிறார்கள் ஆகிய நான்கையும் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். இந்த மாதத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுங்கள், குறிப்பில் ‘வாடகை’ என்று எழுதுங்கள்.

‘இந்த முகவரியில் பெனிபிட் கேட்கக் கூடாது, கவுன்சில் டாக்ஸிலும் பெயர் போடக் கூடாது’ என்று அறை கொடுக்கும்போதே நிபந்தனை போடுகிறவர்கள் நம்மவர்களிலேயே உண்டு. பெரும்பாலும் அவர் தனியாக வசிப்பதாகச் சொல்லிக் கவுன்சில் டாக்ஸில் தனியாள் தள்ளுபடி எடுத்துக்கொண்டிருப்பார், அல்லது வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டாமல் இருப்பார். அது அவருடைய சிக்கல், அதற்காக நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பெனிபிட் பெறுகிறவர்களுக்கு வீடு இல்லை என்று ஒட்டுமொத்தமாக மறுப்பது சட்டவிரோதமான பாகுபாடு என்று 2020இல் யார்க் கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மாமாவின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்தக்காரர் என்றால் தரமாட்டார்களாமே?

இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பாருங்கள். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், மாமனார் மாமியார் போன்ற நெருங்கிய உறவினர் வீட்டுக்காரராக இருந்து, அவரும் அதே வீட்டில் வசித்தால் கிடைக்காது. அவர் வேறு இடத்தில் வசித்து, உண்மையாகவே வாடகை கைமாறினால் கேட்கலாம். தாய்மாமன் இந்த நெருங்கிய உறவினர் பட்டியலில் வருவதில்லை. ஆனாலும் உறவு என்றதும் கூர்ந்து பார்ப்பார்கள். பெனிபிட் வாங்குவதற்காகவே கட்டப்பட்ட ஏற்பாடா, நீங்கள் இரண்டு மாதம் கொடுக்காவிட்டால் மாமா என்ன செய்வார் என்று கேட்பார்கள். ‘அவர் ஒன்றும் சொல்லமாட்டார், தங்கமானவர்’ என்று பெருமையாகச் சொன்னால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும்.

மகனுக்கு 22 வயது, எங்களோடுதான் இருக்கிறான். அதனால் குறையுமா?

குறையும். பிள்ளைகள் திருமணம் வரை பெற்றோருடன் இருப்பது நமக்கு இயல்பு, அவர்களுக்கு அது ‘சார்ந்திராத வயதுவந்தவர்’ ஒருவர். 21 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதியில் மாதம் சுமார் 93 பவுண்டு கழிப்பார்கள். அவன் எவ்வளவு சம்பாதிக்கிறான் என்று பார்ப்பதில்லை. நீங்களோ துணைவரோ பி.ஐ.பி.யின் அன்றாட வாழ்வுப் பகுதி பெற்றால் இந்தக் கழிப்பு இல்லை. ஹவுசிங் பெனிபிட்டில் முறை வேறு, பிள்ளையின் வருமானத்தைப் பொறுத்துக் கழிப்பார்கள். ஆகவே அவன் சம்பளச் சீட்டைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் மிக உயர்ந்த கழிப்பையே போட்டுவிடக்கூடும்.

கவுன்சில் டாக்ஸிலும் இது எதிரொலிக்கும். கணவர் இல்லாமல் ஒரே மகனோடு இருக்கும் தாய்க்கு 25 சதவீதத் தனியாள் தள்ளுபடி உண்டு. மகனுக்கு 18 ஆனதும் அது போய்விடும் என்று பலர் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். அவன் முழுநேர மாணவன் என்றால் வீட்டில் உள்ள பெரியவர்களின் எண்ணிக்கையில் அவனைச் சேர்க்கக் கூடாது, தள்ளுபடி தொடரும். கல்லூரியின் சான்றிதழை அனுப்பினால் போதும்.

விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (பொதுநிதி உதவி பெறக் கூடாது) என்று இருக்கிறது. எதையாவது கேட்கலாமா?

யுனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிபிட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு மூன்றுமே பொதுநிதி. தொடாதீர்கள், தொட்டால் அடுத்த விசாவுக்கே ஆபத்து. ஆனால் 25 சதவீதத் தனியாள் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் பொதுநிதி அல்ல, அவற்றைத் தயங்காமல் கேட்கலாம். எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸே இல்லை. மாணவரின் துணைவர் பிரித்தானியக் குடியுரிமை இல்லாதவராக, விசா நிபந்தனையால் பெனிபிட் கேட்க முடியாதவராக இருந்தால் அவரையும் எண்ணுவதில்லை. முனைவர் பட்டத்துக்காக மனைவியோடு வந்திருக்கும் மாணவர் பலருக்கு இது தெரியாது, முழு வரியையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

குடும்ப விசாவில் இருந்து கையில் ஒன்றுமில்லாத நிலை வந்தால், அந்த நிபந்தனையை நீக்கும்படி உள்துறை அலுவலகத்திடம் விண்ணப்பிக்க வழி உண்டு. துணைவர்களில் ஒருவருக்கு நிரந்தர வதிவிடமும் மற்றவருக்கு இந்த நிபந்தனையும் இருந்தால், குடிவரவுச் சட்டம் தெரிந்த ஆலோசகரைப் பார்க்காமல் எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம்.

அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்குத் தடை இல்லை. உள்துறை அலுவலகத்தின் தங்குமிடத்திலிருந்து வெளியேறும் நாள் விரைவில் வந்துவிடும், ஆகவே முடிவுக் கடிதம் வந்த அன்றே யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பியுங்கள். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் இன்னும் வரவில்லை என்பது காத்திருக்கக் காரணமல்ல.

சேமிப்பு எவ்வளவு வரை இருக்கலாம்? ஊரில் உள்ள வீட்டையும் சொல்ல வேண்டுமா?

யுனிவர்சல் கிரெடிட்டில் 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் ஒன்றும் கிடைக்காது. 6,000 வரை பொருட்படுத்தமாட்டார்கள். இடைப்பட்டதில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானமாகச் சேர்ப்பார்கள். கழுத்திலும் கையிலும் போடும் நகை தனிப்பட்ட உடைமை, கணக்கில் வராது. சீட்டு எடுத்த பணம் வங்கியில் கிடந்தால் வரும்.

ஊரில் உங்கள் பெயரில் வீடோ காணியோ இருந்தால் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணமானாலும் திருச்சியானாலும் அது உங்கள் சொத்து. மதிப்பிலிருந்து அடமானக் கடனையும் விற்பனைச் செலவுக்கு 10 சதவீதத்தையும் கழித்துப் பார்ப்பார்கள். ஆனால் அந்த வீட்டில் உங்கள் வயதான தாயோ தகப்பனோ குடியிருந்து, அவர் ஓய்வூதிய வயதைத் தாண்டியவராக இருந்தால் அந்த வீடு கணக்கில் வராது. இதைத் தெரியாமல் மறைத்து, பின்னால் மோசடி விசாரணைக்கு ஆளாவது வீண் வேதனை. வீட்டில் யார் இருக்கிறார் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அம்மாவும் அப்பாவும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுக்கு எப்படி?

முதலில் பென்ஷன் கிரெடிட். வார வருமானம் தனியாளுக்கு 227.10 பவுண்டுக்கும் தம்பதிக்கு 346.60க்கும் குறைவாக இருந்தால் மீதியை அது நிரப்பும். தொகை சிறியதாக இருந்தாலும் விடாதீர்கள், வாரத்துக்கு இரண்டு பவுண்டு கிடைத்தாலும் அது பல கதவுகளைத் திறக்கும். அதன் ‘கேரண்டி’ பகுதி கிடைப்பவர்களுக்கு ஹவுசிங் பெனிபிட்டில் சேமிப்பு வரம்பே இல்லை. கவுன்சில் டாக்ஸிலும் முழுக் குறைப்பு வரை கிடைக்கலாம், ஏனென்றால் ஓய்வூதிய வயதினருக்கான குறைப்பைக் கவுன்சில்கள் தங்கள் விருப்பப்படி வெட்ட முடியாது. மூன்று மாதம் முன்தேதியிட்டும் கேட்கலாம். உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்றால் வாடகை உதவி கிடையாது, பென்ஷன் கிரெடிட் கிடைக்கலாம்.

என் கவுன்சில் எவ்வளவு குறைக்கும்?

ஊருக்கு ஊர் வேறு. எவ்வளவு வறுமையானாலும் வரியில் ஒரு பங்கைக் கட்டியே ஆகவேண்டும் என்று பல கவுன்சில்கள் சொல்கின்றன. முழுவதையும் தள்ளுபடி செய்பவையும் உண்டு. தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு கவுன்சில் என்றால் சட்டமும் வேறு. குறைப்புக்குப் பிறகும் கட்ட முடியாதவர்கள், 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவின் கீழ் மீதியையும் தள்ளுபடி செய்யக் கோரிக் கவுன்சிலுக்கு எழுதலாம். அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள், கடிதம் உரியவர் மேசைக்குப் போகும்.

இவை தவிர: வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா போன்ற கடுமையான மூளைக் குறைபாடு இருந்து, மருத்துவர் சான்றும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான உதவித்தொகை) போன்றவற்றுக்கான தகுதியும் இருந்தால் அவரை எண்ணமாட்டார்கள். மாற்றுத்திறனாளிக்காகக் கூடுதல் குளியலறையோ, வீட்டுக்குள் சக்கரநாற்காலிக்கான இடமோ இருந்தால் வரி ஒரு படி கீழிறங்கும்.

யுனிவர்சல் கிரெடிட்டின் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகுமாம். அதுவரை வாடகை?

முன்பணம் கேட்கலாம். அது கடன்தான், 24 மாதம் வரை பிடித்துக்கொள்வார்கள். ஒரு மாத முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ளத் தோன்றும். வாடகைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் விண்ணப்பித்த தேதியைக் காட்டிப் பேசுங்கள். பணம் உங்கள் கணக்குக்கே வரும், வாடகை கட்டுவது உங்கள் பொறுப்பு. இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் வீட்டுக்காரர் தனக்கு நேராக அனுப்பும்படி கேட்கலாம்.

தொடர்ந்து விழும் துண்டுக்குக் கவுன்சிலிடம் விருப்புரிமை உதவி உண்டு. டிஸ்கிரீஷனரி ஹவுசிங் பேமென்ட் என்ற பெயரில் இருந்த அது, இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நிதிக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. வரவு செலவைப் பட்டியலிட்டு, குடிமாற முடியாத காரணத்தையும், பிள்ளையின் பள்ளி, மருத்துவமனை போன்றவற்றையும் எழுதுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்கு நீதிமன்ற அழைப்பு வந்துவிட்டது.

ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், ஏழு நாளில் கட்ட வேண்டும். தவறினால் தவணை உரிமையே போய், ஆண்டு முழுவதுக்குமான தொகையையும் கேட்பார்கள். அடுத்தது மாஜிஸ்திரேட் நீதிமன்றம், செலவும் உங்கள் தலையில். தீர்ப்புக்குப் பிறகு கடன், அதை வசூலிக்க வீட்டுக்கு வரும் பெயிலிஃபிடம் போகலாம். அவர் வந்தால் கதவைத் திறந்து உள்ளே விட வேண்டியதில்லை, கவுன்சில் டாக்ஸுக்காக முதல் வருகையிலேயே கதவை உடைத்து நுழைய அவருக்கு உரிமை இல்லை.

எந்தப் படியில் இருந்தாலும் கவுன்சிலை அழைத்துத் தவணை கேட்கலாம். பத்துத் தவணையைப் பன்னிரண்டாக மாற்றித்தரவும் கேட்கலாம். கடன் ஆலோசகர் மூலம் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ வாங்கினால் 60 நாள் எல்லா நடவடிக்கையும் நிற்கும்.

மறுத்துவிட்டார்கள். யாரிடம் போவது?

இங்கும் இரண்டு பாதை. யுனிவர்சல் கிரெடிட் என்றால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதிலும் தோற்றால் தீர்ப்பாயம். கவுன்சில் டாக்ஸ் குறைப்பு என்றால் முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் முறையிட வேண்டும். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் ஒப்புதலாக இல்லாவிட்டாலோ வேல்யுவேஷன் டிரிபியூனல் என்ற வேறொரு தீர்ப்பாயம். அங்கே போகவும் இரண்டு மாதக் கெடு உண்டு, கட்டணம் இல்லை.

படிவம் நிரப்பிக் கொடுக்க நூறு, இருநூறு பவுண்டு வாங்குகிறவர்கள் நம் கடைத்தெருக்களில் உண்டு. விண்ணப்பம் இலவசம். சிட்டிசன்ஸ் அட்வைஸின் ‘ஹெல்ப் டு கிளெய்ம்’ எண் 0800 144 8444, அங்கும் டி.டபிள்யூ.பி.யிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ‘ஜர்னல்’ என்ற உங்கள் யுனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். பணம் வரும் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுவதும் அதன் வழியாகத்தான்.